விதி உடைக்கா, ஆளுக்கா?

2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் மதிய விருந்து. அழைத்தவர் கிளப்பின் உறுப்பினர். விருந்தாளிகளில் அசாமைச் சேர்ந்த ஒரு பெண் டாக்டரும், அவருடைய மகனைக் கவனித்துக்கொள்ளும் நடுவயதுப் பெண்மணியும் இருந்தார்கள். அந்தப் பெண்மணி மேகாலயாவைச் சேர்ந்த காஸி பழங்குடியினர். அவர் உடுத்தியிருந்தது ஜைன்ஸெம். இரு தோள்களிலும் ஊசி குத்தி, கணுக்கால் வரை தொங்கவிடும் காஸி பெண்களின் உடை. ஷில்லாங்கில் கல்யாணத்துக்கும் கட்டுவார்கள், சர்ச்சுக்கும் கட்டுவார்கள், அலுவலகத்துக்கும் கட்டுவார்கள்.

எல்லோரும் உட்கார்ந்து சிறிது நேரம் ஆனதும் ஊழியர்கள் வந்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் எழுந்து வெளியே போக வேண்டும் என்றார்கள். காரணம் கேட்டபோது, பார்ப்பதற்கு வேலைக்காரி போல இருக்கிறார், நேபாளி போல இருக்கிறார் என்று பதில் வந்ததாக உடன் இருந்த டாக்டர் பின்னர் பகிரங்கமாகச் சொன்னார். இதே ஜைன்ஸெமை அணிந்து அந்தப் பெண்மணி தன்னுடன் லண்டனுக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்தவர் என்றும், எங்கும் யாரும் தடுத்ததில்லை என்றும் சொன்னார்.

செய்தி பரவியது. மேகாலயாவில் கொதிப்பு. அன்றைய முதலமைச்சர் முகுல் சங்மா கண்டித்தார். வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்களுக்குத் தலைநகரில் நடக்கும் அவமதிப்புகளின் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது. ஊழியர்கள் விஷயத்தை இன்னும் பக்குவமாகக் கையாண்டிருக்கலாம் என்கிற தொனியில் கிளப் வருத்தம் தெரிவித்தது.

பக்குவமாக என்றால் எப்படி? கவனித்தால், அன்று யாரும் ஜைன்ஸெம் கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு விதியை எடுத்துக் காட்டவும் இல்லை. அதே உடையில் மேகாலயாவின் எம்.பி. ஒருவரோ ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மனைவியோ வந்திருந்தால் பேரர் குனிந்து மெனு கார்டை நீட்டியிருப்பார். 'எவ்வளவு அழகான நெசவு' என்று பக்கத்து மேஜையிலிருந்து பாராட்டும் வந்திருக்கும். அங்கே எடை போடப்பட்டது துணி அல்ல, துணிக்குள் இருந்தவர்.

இந்தியாவின் தனியார் கிளப்புகளில் உடை பற்றிய தகராறு ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் விவாதம் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறது. ஒரு தரப்பு, இது வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைப் புத்தி என்கிறது. மறு தரப்பு, இது தனியார் இடம், பிடித்தால் வாருங்கள், பிடிக்காவிட்டால் வீட்டிலேயே சாப்பிடுங்கள் என்கிறது. இரண்டுமே அச்சடித்த விதியைப் பற்றிய பேச்சு. காலர் வேண்டுமா, ஷூ வேண்டுமா, வேட்டி கூடுமா கூடாதா என்கிற பேச்சு. உண்மையான வில்லங்கம் அந்த அச்சடித்த காகிதத்தில் இருப்பது பாதிதான். மீதிப் பாதி, அந்தக் காகிதத்தை யாரைப் பார்த்ததும் எடுத்து நீட்டுவது, யாரைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வது என்பதில் இருக்கிறது.

கிளப்புகளின் விதிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. கழுத்து வட்டமான டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு கூடாது. 'நேஷனல் டிரெஸ்' அனுமதி உண்டு என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். அந்த தேசிய உடை எது என்று பார்த்தால், கழுத்து வரை பொத்தான் போட்ட பந்த்கலா கோட்டும் ஷெர்வானியும். அதாவது மகாராஜாக்களின் தேசம். இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் கட்டும் வேட்டியும் பஞ்சகச்சமும் லுங்கியும் அந்த தேசத்தின் எல்லைக்கு வெளியே.

பெண்கள் விஷயத்தில் விதி வேறு மாதிரி. சேலையும் சல்வார் கமீஸும் எப்போதோ அனுமதிக்கப்பட்டுவிட்டன. ஆணின் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் வாசல், பெண்ணின் செருப்பைக் கண்டுகொள்வதில்லை. அது சலுகையாகத் தெரியலாம். ஆனால் வீட்டுப் பணியாளர்களாக வரும் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. குழந்தைகள் விளையாடும் இடத்தைத் தாண்டி அவர்கள் வரக்கூடாது என்று எழுதிவைத்த கிளப்புகள் இருக்கின்றன. டெல்லியில் அந்த ஞாயிற்றுக்கிழமை செயல்பட்டது இந்த எண்ணம்தான். விருந்தாளியாக அழைக்கப்பட்டவரை, கிளப் தன் கண்ணாலேயே வேலைக்காரியாக மாற்றிவிட்டது.

இந்தக் கண்ணுக்கு வயது அதிகம். பழைய கிளப்புகளின் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினால் பாதியில் ஒரு வாசல் அவமானம் எழுதியிருக்கும்.

கல்கத்தாவில் வைஸ்ராய் மிண்டோ பிரபு, தொழிலதிபர் ராஜேந்திரநாத் முகர்ஜியை பெங்கால் கிளப்பில் விருந்துக்கு அழைத்தார். இந்தியர் என்பதால் முகர்ஜிக்கு அனுமதி இல்லை. வைஸ்ராயின் அழைப்பே செல்லாத இடம் அது. அதன் எதிரொலியாக 1907-ல் கல்கத்தா கிளப் பிறந்தது என்பது அந்த கிளப்பே பெருமையுடன் சொல்லும் வரலாறு. இன வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் இடம் என்பது அதன் கொள்கை. அந்த 'எல்லோரிலும்' பெண்கள் இல்லை. பெண்களை உறுப்பினராக்க அந்த கிளப் 2007 வரை, சரியாக 100 வருடங்கள், எடுத்துக்கொண்டது.

பம்பாயிலும் இதே கதை. கவர்னர் வில்லிங்டன் பிரபு தன் இந்திய நண்பர்களை வெள்ளையர்கள் மட்டும் புழங்கிய யாட் கிளப்புக்கு அழைத்துச் சென்றபோது அவமானப்பட்டதாகவும், அதனால்தான் 1918-ல் தன் பெயரிலேயே வில்லிங்டன் கிளப்பைத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய அதே கிளப், சரியாக 70 வருடம் கழித்து 1988-ல் ஓவியர் எம்.எஃப். ஹுசேனை வாசலில் நிறுத்தியது. காலில் செருப்பு இல்லையாம். ஹுசேன் வெறுங்காலுடன் திரிவது அப்போது நாட்டில் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 1964-ல் இந்திக் கவிஞர் முக்திபோத் இறந்த துக்கத்தில் கழற்றிய செருப்பு அது. கிளப்புக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். ஆள் பார்த்து அது விதியைத் தளர்த்தவில்லை. ஹுசேனுக்கே கிடையாது என்றால் யாருக்கும் கிடையாது. விதி முட்டாள்தனமானதாக இருக்கலாம், ஆனால் அன்று அது நேராக நின்றது.

வளைவதுதான் வழக்கம். பெங்களூர் கிளப்பின் பழைய கணக்குப் புத்தகத்தில், வசூலிக்க முடியாத பாக்கிகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு இளம் ராணுவ அதிகாரியின் பெயர் இருக்கிறது. தொகை 13 ரூபாய். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். உடையில் குறை சொல்ல முடியாத ஆசாமி, பில் மட்டும் கட்டவில்லை. கிளப் அந்தப் பக்கத்தைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. காலர் இல்லாமல் வந்த யாருடைய பெயரும் இப்படிப் பாதுகாக்கப்படவில்லை.

வடக்கே இப்படி என்றால் தெற்கில் விஷயம் வேட்டியில் வந்து நின்றது. 2014 ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. உயர் நீதிமன்றத்தின் முன்னாள் பொறுப்புத் தலைமை நீதிபதி ஒருவரின் நூல். அழைப்பின் பேரில் வந்தார் அப்போது பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன். வெள்ளை வேட்டி, சட்டை. உள்ளே விட முடியாது என்றார்கள் ஊழியர்கள். வேட்டியில் வந்த இரு வழக்கறிஞர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, வழக்கறிஞர்களுக்கே தெரிந்தது. பார் கவுன்சிலின் உடை விதிகளில் ஆண் வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டுக்குக் கீழே முழுக்கால் சட்டையோ வேட்டியோ அணியலாம் என்று இருக்கிறது. ஜீன்ஸ்தான் கூடாது. ஆக, வேட்டி கட்டிக்கொண்டு உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தைப் பற்றி வாதாடலாம். சேப்பாக்கத்தில் போண்டா சாப்பிட முடியாது. 1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக டெல்லியில் வைஸ்ராய்களின் மாளிகையில் குடியேறியபோதும் வேட்டியில்தான் இருந்தார். தேசத்தின் முதல் வாசல் திறந்து 66 வருடங்களுக்குப் பிறகும் சில பக்கவாட்டு வாசல்கள் திறக்கவில்லை.

சட்டசபையில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி கிடையாது. வேட்டி இரண்டு பக்கமும் உண்டு, கரைதான் வேறு. முதலமைச்சர் ஜெயலலிதா சட்டம் வரும் என்று அறிவித்தார். ஆகஸ்டிலேயே வந்தது. கிளப், சங்கம், டிரஸ்ட், கம்பெனி எதுவானாலும், வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வந்தவரைத் தடுக்கக்கூடாது. தடுக்கச் சொல்லும் துணை விதிகள் செல்லாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் ரத்து. ஒரு மாதச் சூட்டில் இவ்வளவு பல் வைத்த சட்டம் வருவது அபூர்வம்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது எப்படி வந்தது என்பதை மறக்கக்கூடாது. தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் வந்தது. அவருக்கு முன்னால் எத்தனையோ வருடங்களாக அதே வாசலிலிருந்து எத்தனை வேட்டிகள் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கும்? அழைப்பிதழைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டில் 'கூட்டம் அதிகம், வந்துவிட்டேன்' என்று சொன்னவர்களுக்காகச் சட்டசபை கூடியதில்லை.

இன்னொன்று. அந்தச் சட்டம் உடைக்குப் பெயர் சொல்லிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆளுக்குக் கொடுப்பதில்லை. தடுக்க நினைப்பவர் வேட்டியைக் காரணம் காட்ட முடியாது, அவ்வளவுதான். செருப்பைக் காட்டலாம். 'இன்று விசேஷ நிகழ்ச்சி, உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று சொல்லலாம். விருந்தாளிப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று சொல்லலாம். டெல்லியில் நடந்தது போல, விதி எதையும் காட்டாமல் முகத்தைப் பார்த்தும் சொல்லலாம். டெல்லியில் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் ஜைன்ஸெம் பாரம்பரிய உடை என்ற கணக்கில் வந்திருக்கும். ஆனால் அங்கே ஊழியர்கள் ஜைன்ஸெமுக்குத் தடை என்று எந்த விதியையும் காட்டவில்லையே.

கிளப்பை விட்டு வெளியே வந்தால் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 2017 ஜூலையில், டெல்லி சம்பவம் நடந்து மூன்றே வாரத்தில், கொல்கத்தாவின் பிரபல மால் ஒன்றில் திரைப்பட இயக்குனர் ஆஷிஷ் அவிகுந்தக் வேட்டி குர்த்தாவில் போனபோது காவலர்கள் தடுத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும் வழி கிடைத்ததாக அவரே எழுதினார். நுழைவு மறுக்கப்படவில்லை என்றது மால் நிர்வாகம். அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் விதியின் உண்மையான வாசகம் கிடைத்துவிடுகிறது. வேட்டி கூடாது என்பதல்ல. ஆங்கிலம் பேசாத வேட்டி கூடாது.

2024 ஜூலையில் பெங்களூர் மாகடி ரோடு மால் ஒன்றில் மகனுடன் சினிமா பார்க்க டிக்கெட்டோடு வந்த ஹாவேரி மாவட்டத்து முதியவர், விவசாயி, பஞ்சை கட்டியிருந்ததால் நிறுத்தப்பட்டார். பேன்ட் போட்டு வரச் சொன்னார்களாம். பஞ்சை என்பது கன்னடத்தில் வேட்டி. கர்நாடகத்தின் அன்றைய முதலமைச்சர் சித்தராமையா பொது வாழ்க்கை முழுவதும் பஞ்சையில் நடமாடியவர். அவர் அந்த மாலுக்கு வந்திருந்தால் சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார்கள். ஒரே துணி, ஒரே வெள்ளை, ஒரே மாநிலம். கட்டியவர் மட்டும் வேறு. விஷயம் கர்நாடக சட்டசபைக்குப் போய், மாலை ஏழு நாள் மூட அரசு உத்தரவிட்டது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. முதியவருக்கு சால்வை போர்த்தப்பட்டது. சால்வை போர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இந்த நாட்டின் நிரந்தர நம்பிக்கை.

மால் எல்லோருக்கும் திறந்த கடைவீதி, கிளப் அப்படியல்ல என்று சொல்வார்கள். சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்தின் இரண்டாம் பிரிவு, கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. மற்ற அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசாங்கத்தைத்தான் கட்டும். இது தனியாரையும் கட்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் 'கடை' என்ற சொல்லை விரிவான அர்த்தத்தில் எடுக்க வேண்டும், சேவையை வழங்கும் இடங்களும் அதில் அடங்கும் என்று விளக்கினார். வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாதவர் அவர்.

ஆனால் அந்தப் பட்டியலில் உடை இல்லை. உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்பும் நேரடியாக இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை 19-வது ஷரத்தில் தனியாக இருக்கிறது, யாரைச் சேர்ப்பது என்பது அந்த உரிமையின் பகுதி. பழங்குடியினரைக் கடையிலோ பொதுக் கேளிக்கை இடத்திலோ நுழையவிடாமல் தடுப்பது 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். கிளப்பின் சாப்பாட்டு அறை பொது இடமா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். உடையைக் காரணம் காட்டுவதில் உள்ள சௌகரியம் இதுதான். சாதி என்று சொன்னால் குற்றம், இனம் என்று சொன்னால் குற்றம், டிரெஸ் கோட் என்று சொன்னால் நிர்வாகம்.

தனியார் இடம் என்ற வாதத்துக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. நிலம் யாருடையது? டெல்லி கோல்ஃப் கிளப் பரந்து கிடப்பது தலைநகரின் நடு மத்தியில் சுமார் 180 ஏக்கர் அரசு நிலத்தில், குத்தகைக்கு. உள்ளே பழைய காலத்துக் கல்லறைகளும் மயில்களும் உண்டு. மயில்களுக்கு உடை விதி கிடையாது. 1913-ல் தொடங்கிய டெல்லி ஜிம்கானா கிளப்பும் சப்தர்ஜங் ரோட்டில் 27 ஏக்கர் அரசு நிலத்தில் வளர்ந்தது. அங்கே நிர்வாகம் சரியில்லை, பரம்பரைச் சொத்து போல உறுப்பினர் இடங்கள் கைமாறுகின்றன என்று மத்திய அரசே கம்பெனிச் சட்ட தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் நிர்வாகக் குழுவுக்கு 15 பேரை நியமிக்க அரசுக்கு அனுமதி கிடைத்தது. பொது நிலத்தில் கிளப் நடத்துபவர்கள் மொத்தமாகத் தனியார் ஆகிவிட முடியாது என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆனால் அரசாங்கம் அங்கே கேட்டது கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும். வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஒருவர் என்னதான் செய்ய முடியும்? இங்கேதான் விதிக்கும் அதை அமல்படுத்தும் விதத்துக்கும் உள்ள இடைவெளி உதவுகிறது. விதியே தப்பு என்று நிரூபிப்பது கஷ்டம். விதி ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி என்று காட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை.

பெல்காமில் இருந்த ஒரு மேசானிக் லாட்ஜிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போன பழைய வழக்கு ஒன்று உண்டு. 1962 டிசம்பரில் தீர்ப்பு. வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் தீர்ப்பில் சொல்லப்பட்ட கொள்கை இன்றும் கிளப் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. கிளப்புக்கும் உறுப்பினருக்கும் இடையில் இருப்பது ஒரு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம்தான் விதிப் புத்தகம். உறுப்பினர் மீது நடவடிக்கை எடுக்கும்போது கிளப் அந்த விதிகளை எழுதியபடியே பின்பற்ற வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். நீதிமன்றம் அதற்கு மேல் உள்ளே நுழையாது. அந்த அளவுக்கு நுழையும்.

இதன் அர்த்தம், விருந்தாளிக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் அவருடையதல்ல. ஜைன்ஸெம் அணிந்து வந்தவர் எந்தக் காகிதத்தையும் காட்டி வாதாட முடியாது. காகிதம் இருப்பது அழைத்தவரின் பையில். இது பலருக்கு உறைப்பதில்லை. விருந்தாளி நிறுத்தப்படும்போது உறுப்பினர்கள் வழக்கமாகச் செய்வது, சங்கடமாகச் சிரித்து, 'வாங்க, வேறு எங்காவது போகலாம்' என்று காரைத் திருப்புவது. அல்லது கிளப்பிலேயே வைத்திருக்கும் கோட்டையோ ஷூவையோ இரவல் வாங்கி மாட்டிவிடுவது. மரியாதை காப்பாற்றப்பட்டது, சாப்பாடும் ஆயிற்று, விதி மறுநாள் அடுத்தவருக்காக அங்கேயே காத்திருக்கிறது.

சங்கடத்தைக் கொஞ்ச நேரம் நீட்டிக்கத் தயாராக இருந்தால் நிலைமை மாறும். 2024 பிப்ரவரியில் பெங்களூர் ராஜாஜிநகர் மெட்ரோ ஸ்டேஷனில் தலையில் மூட்டையோடு வந்த விவசாயி ஒருவரை, உடை அழுக்காக இருக்கிறது என்று செக்யூரிட்டி தடுத்தபோது, யாரோ ஒரு பயணி நின்று கேட்டார்: மெட்ரோவில் உடை விதி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள். கையில் டிக்கெட் இருக்கிறது, பையில் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை, பிறகு என்ன? காட்ட எதுவும் இல்லை. விவசாயி ரயில் ஏறினார். கேட்டவர் வக்கீல் பேச்சுப் பேசவில்லை. எழுதியதைக் காட்டு என்றார், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. வீடியோ பரவியதும் மெட்ரோ நிர்வாகம் செக்யூரிட்டி மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்கியது. இந்தக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. தண்டனை வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலில் நிற்பவர் யார்? ஏஜென்ஸி அனுப்பிய ஒப்பந்த ஊழியர். பீகாரிலிருந்தோ ஒடிஷாவிலிருந்தோ வந்தவர். 12 மணி நேர ஷிஃப்ட். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வந்தால் அவரையே அந்த வாசலில் விடமாட்டார்கள். 'நம்ம ஆட்கள் மாதிரி இல்லாதவர்களை விடாதே' என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதாமலே புரியவைத்திருக்கிறார்கள். உறுப்பினரின் விருந்தாளியைத் தவறாகத் தடுத்தால் திட்டு விழும், தடுக்க வேண்டியவரை விட்டுவிட்டால் வேலை போகும். இரண்டில் எது நஷ்டம் குறைவு என்று அவருக்குத் தெரியும். தன் ஊரில் தன் அப்பா கட்டுகிற வேட்டியைத்தான் அவர் தடுக்கிறார் என்பது அவருக்கும் தெரியாமல் இருக்காது.

அதனால் கிளப்பில் கேள்வி கேட்பவர் வாசலில் நிற்பவரிடம் கத்திப் பயனில்லை. கேட்க வேண்டியது செயலாளரிடம், எழுத்தில். எந்த விதியின் கீழ் தடுத்தீர்கள்? அந்த விதி எப்போது, எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது? நிர்வாகக் குழு நிறைவேற்றியதா, வெறும் அறிவிப்புப் பலகை உத்தரவா? போன மாதம் நடந்த கம்பெனி விருந்தில் ரப்பர் செருப்பும் கிழிந்த ஜீன்ஸுமாக வந்தவர்களுக்கு அதே விதி பொருந்தியதா? கடைசிக் கேள்விதான் குத்தும். ஹால் வாடகைக்கு எடுப்பவர்களிடம், கணிசமாகக் கட்டணம் கொடுப்பவர்களிடம் விதி இளகிவிடும் என்பதை பேரர்கள் சொல்லிக் கேட்காத உறுப்பினர் இருக்க மாட்டார்.

பதில் வராவிட்டாலும் வழி உண்டு. பெரிய கிளப்புகள் பல, லாப நோக்கில்லாத கம்பெனிகளாகப் பதிவு செய்தவை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும். அடிப்படை விதிகளை மாற்ற, வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். விருந்தாளி தடுக்கப்பட்டால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, உத்தரவிட்டவர் பெயரையும் எழுத வேண்டும் என்ற சின்ன ஏற்பாட்டுக்கு அதுகூடத் தேவைப்படாது. பெரும்பாலான இடங்களில் நிர்வாகக் குழுவே அதைச் செய்துவிட முடியும். பேனாவை எடுத்து 'வேலைக்காரி போல இருந்தார்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட எந்தச் செயலாளருக்கும் கை வராது.

கிளப்புகளின் ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக வருபவை வேறு: வரவு செலவுக் கணக்கு, ஆடிட்டர் நியமனம், பார் விலை உயர்வு, நீச்சல் குளத்தின் டைல்ஸ். கூட்டத்துக்கு உறுப்பினர்களும் அவ்வளவாக வருவதில்லை. முடிந்ததும் டின்னர் என்று போட்டால் வருகிறார்கள்.